சக்கரத்துக்குத் தடை, காலுக்கு வழி: தெருவை மறிக்கும் விவாதத்தின் பின்னணி

நான்கு தெருக்கள் கூடும் ஒரு முனை. நேற்று வரை நேராகவும் போகலாம், இரண்டு பக்கமும் திரும்பலாம். இன்று காலையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை, இடுப்பளவு உயரத்தில் ஐந்தாறு கான்கிரீட் தொட்டிகள் நிற்கின்றன. மண் இன்னும் ஈரம். நட்ட செடிகளின் வாட்டம்கூடத் தெளியவில்லை. கார் ஒன்று வருகிறது. ஓட்டுகிறவரின் போன் நேராகப் போகச் சொல்கிறது. அவர் தொட்டியைப் பார்க்கிறார், போனைப் பார்க்கிறார், ஒரு தரம் ஹாரன் அடிக்கிறார் (தொட்டி நகராது என்று அவருக்கும் தெரியும்), பிறகு வழி இருக்கிற பக்கம் திரும்பிப் போகிறார். பின்னாலேயே சைக்கிளில் வந்த பையன் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே, மிதிப்பதை நிறுத்தாமல், புகுந்து போய்விடுகிறான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஓரத்துத் தொட்டியின் விளிம்பில் மூன்று நிறத்தில் பெயின்ட் தீற்றல். பக்கத்து நடைபாதையில் ஏறி இறங்கிய டயர்த் தடம்.

தெருத்தடுப்பு என்பது அடிப்படையில் இவ்வளவுதான். ஆனால் இதை வைக்கலாமா வேண்டாமா என்று குடியிருப்போர் கூட்டம் போட்டால் இரவு பதினோரு மணிக்கும் முடியாது. காரணம், பேசுகிற ஒவ்வொருவரும் வேறு வேறு பிரச்சினையைப் பேசுகிறார்கள். ஒருவருக்கு வாசலில் விளையாடும் பிள்ளை. ஒருவருக்கு ராத்திரியில் முனையில் வந்து நிற்கும் அடையாளம் தெரியாத கார். இன்னொருவருக்கு ஆம்புலன்ஸ். கடைசி வரிசையில் இருப்பவர் பக்கத்துப் பெரிய சாலையில் குடியிருப்பவர்; இங்கே மறித்தால் எல்லாம் தன் வாசலுக்கு வரும் என்று அவருக்குக் கவலை. ‘தடுப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனையும் அடைபட்டுக் கிடப்பதால், ஒவ்வொன்றையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் போக்குவரத்து. கட்டம் கட்டமாகப் போடப்பட்ட தெருக்களில் எந்தத் தெருவும் எந்தத் தெருவுக்கும் குறுக்குவழிதான். பிரதான சாலையில் சிக்னல் ஒன்று நீண்டால் போதும், வண்டிகள் பக்கத்துத் தெருவுக்குள் நுழையும். முன்பெல்லாம் அந்தக் குறுக்குவழி உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். இப்போது போனில் இருக்கும் வரைபடம் அதை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. இப்படி ஊடே புகுந்து போகிறவர்களுக்கு அந்தத் தெருவில் ஒரு வேலையும் இல்லை. வேகமாகக் கடந்தால் சரி. வேகத்தடை போட்டால் மெதுவாகப் போவார்கள், ஆனால் போவார்கள். வழியே இல்லாமல் செய்வது மட்டும்தான் அந்தப் பயணத்தை அங்கிருந்து விலக்கும்.

வண்டி பெருகினால் தெருவுக்கு என்ன ஆகும் என்பதை டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பாளர் சான் பிரான்சிஸ்கோவில் 1960களின் இறுதியில் அளந்தார். ஒன்றுபோலத் தோற்றமளிக்கும் மூன்று தெருக்கள். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் குடியிருந்தவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். நடுத்தரமான தெருவில் 1.3. நெரிசல் தெருவில் 0.9. ‘உங்கள் வீடு எதுவரை?’ என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னபோது, அமைதியான தெருக்காரர்கள் தெரு முழுவதையும் தங்களுடையதாக வரைந்தார்கள். நெரிசல் தெருக்காரர்களின் கோடு வாசற்படியோடு நின்றுவிட்டது. சிறிய ஆய்வுதான். வாடகை, வயது என்று வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் போக்குவரத்தைப் பற்றிய பேச்சு எதற்காகக் குற்றத்தைப் பற்றிய பேச்சாக மாறுகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. தன் தெரு என்று நினைப்பவர்தான் அங்கே நடப்பதைக் கவனிப்பார்.

மறித்தால் வண்டிகள் எங்கே போகும்? தண்ணீரைப் போலப் பக்கத்து வாய்க்காலில் பாயும் என்பது பொதுவான நினைப்பு. பாதிதான் சரி. சாலையின் இடம் குறைக்கப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைப் பல நாடுகளிலிருந்து திரட்டி, சாலி கேர்ன்ஸ், ஸ்டீபன் அட்கின்ஸ், ஃபில் குட்வின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2002இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பாதி இடங்களில், முன்பு அந்தச் சாலையில் ஓடிய வண்டிகளில் 11 சதவீதத்துக்கும் மேல் சுற்றுச் சாலைகளிலும் காணப்படவில்லை. மாயம் ஒன்றுமில்லை. சிலர் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், சிலர் இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடித்தார்கள், பக்கத்தில் போகிறவர்கள் நடந்தார்கள், சிலர் போகவே இல்லை. லண்டனில் 2020க்குப் பின் அவசர அவசரமாக வந்த குறைபோக்குவரத்துக் குடியிருப்புகளிலும் (ஊடே போகும் வண்டிகளைத் தடுப்பு வைத்து விலக்கிய பகுதிகள்), உள்தெருக்களில் சராசரியாகக் கிட்டத்தட்டப் பாதி வண்டிகள் குறைந்தன. அவற்றைச் சுற்றி ஓடும் எல்லைச் சாலைகளின் சராசரியில் ஏற்றம் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

இந்தச் சராசரியை நம்பி நான் நிம்மதியாகத் தூங்க மாட்டேன். சராசரி என்பது கூடிய சாலையையும் குறைந்த சாலையையும் கூட்டி வகுத்த எண். தன் வீட்டு முன்னே கூடியவருக்கு, எங்கோ குறைந்ததால் என்ன லாபம்? எல்லைச் சாலைகளில் மாடிக் குடியிருப்புகளும் வாடகை வீடுகளும் அதிகமாக இருக்கும் ஊர்களில், உள்ளே இருப்பவரின் அமைதிக்கு வெளியே இருப்பவர் புகையாக விலை கொடுக்கிறார் என்ற புகாரை எண்களைக் காட்டி அடக்கிவிட முடியாது. கூட்டத்தின் கடைசி வரிசைக்காரர் சொன்னது அதுதான். தொட்டி வைப்பதற்கு முன்பே அவர் வாசலில் வண்டிகளை எண்ணி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் எண்ணுவதில்லை.

இனி குற்றம். சண்டை சூடாவது இங்கேதான்.

தடுப்பு குற்றத்தைக் குறைக்கும் என்பதற்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுவது லாஸ் ஏஞ்சல்ஸ். தெற்குப் பகுதியில், காரில் வந்து சுட்டுவிட்டுக் காரிலேயே தப்பும் கும்பல் சண்டைகள் மிகுந்திருந்த பத்து பிளாக் பரப்பில், 1990இல் போலீஸ் 14 இடங்களில் தெருவை மறித்தது. ‘ஆபரேஷன் கல்-டி-சாக்’ என்று பெயர்; நம் பேச்சில் சொன்னால் முட்டுச்சந்து நடவடிக்கை. முந்தைய ஆண்டில் அந்தப் பரப்பில் ஏழு கொலைகள். தடுப்பு இருந்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றே ஒன்று. திட்டம் கைவிடப்பட்ட பின் எண்ணிக்கை மீண்டும் ஏறியது. ஆய்வு செய்த ஜேம்ஸ் லாஸ்லி, கொலைகள் பக்கத்துப் பகுதிக்கு நகர்ந்ததாகத் தெரியவில்லை என்றும் எழுதினார்.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் சொல்லாமல் விடும் ஒரு பகுதி உண்டு. கொலையும் தாக்குதலும் குறைந்தன. திருட்டு போன்ற சொத்துக் குற்றங்களில் தடுப்பின் பலன் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஏன்? காரில் வந்து சுடுகிறவனுக்கு இரண்டு பக்கமும் திறந்த தெரு தேவை. ஒரு பக்கம் நுழைந்து சுட்டுவிட்டு மறுபக்கம் பறக்க வேண்டும். தெரு முட்டுச்சந்தாகிவிட்டால், சுட்ட இடத்தைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். அதற்குள் எதிராளி துப்பாக்கியோடு வாசலில் நிற்பான். ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இறங்குகிறவனுக்கு இந்தக் கவலை இல்லை. அவன் நடந்து வருகிறான்.

இதே தர்க்கத்தில்தான் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஃபைவ் ஓக்ஸ் குடியிருப்பு மறிக்கப்பட்டது. சுமார் இரண்டாயிரம் குடும்பங்கள். நடுவே ஊடுருவிப் போகும் வண்டிகள், கூடவே போதைப்பொருள் வாங்கவும் பாலியல் தொழிலாளிகளைத் தேடியும் வெளியிலிருந்து வரும் கார்கள். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் அதைப் பத்துச் சிறு குடியிருப்புகளாகப் பிரித்தார். எல்லையை எங்கே போடுவது என்பதை அங்கே வசித்தவர்களையே வரையச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் காரில் நுழைய ஒரே வாசல், மற்ற முனைகளில் இரும்புக் கதவுகள். ஆனால் கதவுகளின் பக்கத்தில் நடப்பவர்களுக்கு எப்போதும் வழி திறந்திருக்கும். நியூமன் பிறகு வெளியிட்ட கணக்குப்படி ஓராண்டில் ஊடுபோக்குவரத்து 67 சதவீதம் குறைந்தது, மொத்தக் குற்றம் 26 சதவீதம், வன்முறைக் குற்றம் 50 சதவீதம். வாங்க வருகிறவனுக்கும் முட்டுச்சந்து பிடிக்காது. நுழைந்த வழியிலேயே திரும்ப வேண்டும், நான்கு வாசல்களிலிருந்து நான்கு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தான் வரைந்த திட்டத்துக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறவரின் எண்களை நான் ஒரு சிட்டிகை குறைத்துத்தான் எடுத்துக்கொள்வேன். இரண்டு ஊர்களிலும் தடுப்போடு போலீஸ் நடவடிக்கையும் கூடியது. எது எவ்வளவு உதவியது என்று பிரிப்பது கடினம். அதோடு, எந்த ஊரும் தடுப்பை முடிவு செய்வது நிலைமை உச்சத்துக்குப் போன ஆண்டில்தான். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் இறங்கும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கட்டிய தாயத்துக்குக் கிடைக்கும் பெயர் தடுப்புக்கும் கிடைக்கலாம்.

இருந்தாலும் குற்றம் எதில் வருகிறது, எப்படித் தப்புகிறது என்ற கேள்வி உருப்படியானது. வீடு புகுந்து திருடுவதை எடுத்துக்கொள்வோம். லிவர்பூலில் வரிசை வீடுகளின் முதுகுப்பக்கமாகக் குறுகலான சந்துகள் ஓடுகின்றன. திருடர்களுக்கு அவைதான் ராஜபாட்டை. அந்தச் சந்துகளின் வாயில் பூட்டுக் கதவு போட்டு, சாவியை அந்த வீட்டுக்காரர்களிடம் மட்டும் கொடுத்தபோது, ஒப்பிட்ட பகுதிகளை விடத் திருட்டு 37 சதவீதம் குறைந்ததாக 2004இல் வந்த ஆய்வு சொல்கிறது. இங்கே கால்நடையாக வரும் குற்றத்துக்குக் காலை மறித்தார்கள். அந்தச் சந்தில் வேறு யாருக்கும் போக வேண்டிய வேலை இல்லாததால், மறித்ததில் இழப்பு அதிகமில்லை. வீட்டு முன்தெருவில் இதையே செய்தால் இழப்பு வேறு மாதிரி இருக்கும்.

என்ன இழப்பு என்பதைத்தான் நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே பேசினார். தெருவைக் காப்பது அங்கே போய்வரும் ஆட்களின் கண்கள். கடைக்காரர், நடப்பவர், ஜன்னலோரம் நிற்பவர். அறிமுகமில்லாதவர்களும் அந்தக் காவலில் ஒரு பங்கு. நியூமன் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம்: அறிமுகமில்லாதவர் குறைந்தால்தான் யார் புதியவர் என்று அடையாளம் தெரியும், தெரிந்தால்தான் கேட்க முடியும். பல பத்தாண்டுகளாக நகரத் திட்டக்காரர்கள் இந்த இரண்டு முகாம்களில் நின்று வாதாடுகிறார்கள். லிவர்பூலை உள்ளடக்கிய மெர்சிசைடு பகுதித் தெருக்களை வைத்து 2010இல் வந்த ஆய்வு, முட்டுச்சந்துகளில் திருட்டு அபாயம் குறைவு என்றது. நியூமன் முகாமுக்கு ஒரு புள்ளி. லண்டனின் வால்தம் ஃபாரஸ்ட் பகுதியில் 2015 முதல் வண்டியை மட்டும் மறித்து, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிட்ட குடியிருப்புகளில் தெருக்குற்றம் மொத்தமாக 10 சதவீதம் குறைந்தது. மூன்று ஆண்டுகள் கழிந்த இடங்களில் 18 சதவீதம். வன்முறைக் குற்றங்களில் இறக்கம் இன்னும் அதிகம். இங்கே தெருவில் ஆள் நடமாட்டத்துக்குத் தடையே இல்லை, போனது கார் மட்டும்தான். இது ஜேக்கப்ஸுக்குப் போக வேண்டிய புள்ளி என்று நான் நினைக்கிறேன்.

இந்த இரண்டு முகாம்களையும் ஒரே தெருவில் குடிவைக்க வழி இருக்கிறதென்றால், அது அந்தச் சைக்கிள் பையன் புகுந்துபோன இடைவெளிதான். சக்கரத்தை நிறுத்து, காலை விடு. வெற்றிக்கதையாகச் சொல்லப்படும் திட்டங்களில் டேட்டனும் வால்தம் ஃபாரஸ்டும் இதைச் செய்தவை.

ஆம்புலன்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பயம் நியாயமானது. பூட்டிய இரும்புத் தூணின் முன் வண்டியை நிறுத்தி, இருட்டில் கொத்துச் சாவியில் எது பொருந்தும் என்று தேடிக்கொண்டிருப்பதை விடக் கொடுமை இல்லை. அதனால்தான் பல இடங்களில் தூணுக்குப் பதில் கேமரா வைத்து, அவசர ஊர்திகளை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் அபராதம் போடுகிறார்கள். வால்தம் ஃபாரஸ்டில் தீயணைப்பு வண்டிகள் வந்துசேரும் நேரத்தை அளந்தபோது தாமதம் எதுவும் தெரியவில்லை. தடுப்பை வரைபடத்தில் ஏற்றுவதும், அவசர சேவைக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்பதும் செய்யக்கூடிய வேலைகளே. செய்யாமல் விட்ட ஊர்களில்தான் கூட்டங்கள் சத்தமாக நடக்கின்றன.

யாரை மறிக்கிறோம் என்ற கேள்வி மட்டும் இப்படிப் பொறியியல் கேள்வியாகத் தீர்ந்துபோவதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் 1934இல் ஒரு தனியார் வீட்டுமனை நிறுவனம், தன் வீடுகளுக்கும் நகராட்சி கட்டிய ஏழைக் குடியிருப்புக்கும் நடுவே தெருவின் குறுக்கே சுவர் எழுப்பியது. கட்ஸ்லோ சுவர்கள் என்று பெயர். இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம், உச்சியில் இரும்பு முட்கள். நகராட்சிக் குடியிருப்பில் இருந்தவர்கள் பெரிய சாலைக்குப் போகச் சுற்றி நடந்தார்கள். 1938இல் நகராட்சி இடித்தது. நிறுவனம் நீதிமன்றம் போய் மறுபடி கட்டியது. கடைசியில் சுவர் நின்ற நிலத்தையே நகராட்சி விலைக்கு வாங்கி 1959இல் இடித்துத் தள்ளியது. தெருவோடு சமமாகக் கிடக்க வேண்டிய சில அடி நிலத்துக்காக இருபத்தைந்து ஆண்டுகள்.

சுவருக்காவது வெட்கம் கிடையாது, தன்னைச் சுவர் என்று சொல்லிக்கொள்ளும். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக் கதை இன்னும் நுட்பமானது. ஹெய்ன் பார்க் என்ற வெள்ளையர் குடியிருப்புக்காரர்கள், குழந்தைகளின் பாதுகாப்புக்காகவும் ஊடுபோக்குவரத்தைக் குறைக்கவும் என்று சொல்லி, வெஸ்ட் டிரைவ் தெருவின் வடக்கு முனையை மூடக் கேட்டார்கள். 1973இல் நகராட்சி ஒப்புக்கொண்டது. அந்த முனைக்கு வடக்கே வசித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1981இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மூடல் செல்லும் என்று தீர்ப்பானது. சற்றுச் சுற்றிப் போவது சிறிய அசௌகரியம்தான் என்றது பெரும்பான்மை. மாறுபட்டு எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல், சுற்றிப் போகச் சொல்லப்படுகிறவர் யார், சொல்கிறவர் யார் என்று பார்க்கச் சொன்னார். மனுவில் இருந்த காரணங்கள் எல்லாம் இன்று எந்த ஊரின் மனுவிலும் இருக்கக்கூடியவை என்பதுதான் என்னை உறுத்துகிறது. குழந்தைகள், வேகம், சத்தம். ஒன்றும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அப்படியும் தடுப்பு நிற்கிற இடம் ஒரு எல்லைக்கோடாகிவிடுகிறது.

ஜோஹன்னஸ்பர்க்கில் குற்றப் பயத்தால் பொதுத் தெருக்களுக்குக் குடியிருப்போரே காவலாளியையும் ஏற்றி இறக்கும் கட்டையையும் வைத்தார்கள். உள்ளே போகிறவரிடம் பெயரும் காரணமும் கேட்டு நோட்டில் எழுதுவார்கள். தென்னாப்பிரிக்காவின் மனித உரிமை ஆணையம் இதை விசாரித்து, இது சமூகத்தைப் பிளக்கிறது என்று 2005இல் வந்த அறிக்கையில் கவலை தெரிவித்தது. நிறவெறி ஆட்சியில் அனுமதிச் சீட்டு காட்டித் தெருவில் நடந்தவர்களின் நாடு அது. நோட்டில் பெயர் எழுதச் சொல்வது அங்கே வெறும் பாதுகாப்பு நடைமுறையாக இருக்க முடியாது.

குடியிருப்போர் கூட்டத்தில் ‘வெளியாட்கள்’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ‘வண்டிகள்’ என்பதை விட அது அதிகமாக வந்தால், அங்கே கேட்கப்படுவது சுவர்தான். தொட்டி வெறும் பெயர். அப்படிப்பட்ட கூட்டத்தில் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஓர் ஆளும் உட்கார்ந்திருக்க மாட்டார் என்பதையும் பார்க்கலாம்.

யார் முடிவு செய்வது என்பதற்கு ஒரு நீண்ட உதாரணம் பெர்க்லி. 1975இல் அந்தக் கலிஃபோர்னிய நகரம் குடியிருப்புப் பகுதிகள் முழுவதும் முனைகளில் தடுப்புகளை வைத்தது. ஒரு தெரு மட்டும் கேட்டு வாங்கியதல்ல, நகரம் முழுமைக்குமான திட்டம். எதிர்ப்பும் முழுமையாகவே வந்தது. இரவோடிரவாகச் சில தடுப்புகள் பெயர்க்கப்பட்டன. அவற்றை நீக்கக் கோரி மக்கள் வாக்கெடுப்பு வந்தது, தோற்றது. மறுபடி வந்தது, மறுபடி தோற்றது. 1982இல் மாநில உச்ச நீதிமன்றம், இப்படித் தெருவைப் பாதி மூட நகரத்துக்குச் சட்டத்தில் அதிகாரமே இல்லை என்று சொல்லிவிட்டது. சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி அதிகாரம் கொடுத்தது. தடுப்புகள் நிற்கின்றன. வெறும் கான்கிரீட்டாக வந்தவற்றில் பலவற்றில் செடி வளர்ந்து, அவை எதற்கு வைத்தவை என்பதே தெரியாத ஒரு தலைமுறை சைக்கிளில் நடுவே புகுந்து போகிறது.